கவசம் நான்கு அங்குலம், தண்ணீர் பத்து அடி: ஆற்றில் ஓடிய இரும்புக் கப்பல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போகிற யூ.எஸ். 64 நெடுஞ்சாலையில் பிளிமத் என்றொரு சின்ன ஊர் வரும். ராலே, கேரி பக்கம் குடியிருக்கிற தமிழர்கள் விடுமுறைக்கு அவுட்டர் பேங்க்ஸ் போவதென்றால் இந்த வழியில் போகலாம். அந்த வட்டாரத்துச் சாலையோரங்களில், கம்பத்தின் மேல், வெள்ளி நிறத்தில் கறுப்பு எழுத்துகளோடு வரலாற்றுப் பலகைகள் நிற்கும். ‘ஆல்பமார்ல்’ என்ற இரும்புக் கவசக் கப்பலைப் பற்றிய பலகைகளும் அவற்றில் உண்டு. ஓடுகிற காரிலிருந்து படிக்க வேண்டியது என்பதால் சில வரிகளுக்கு மேல் எழுத மாட்டார்கள். படித்து முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும்.

அந்தச் சில வரிகளைப் புரிந்துகொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இரும்புக் கவசக் கப்பல் என்றால் என்ன? கடலில் இருக்க வேண்டிய போர்க்கப்பல் ஆற்றுக்குள் என்ன செய்தது? இதைப் பற்றிப் பேச்செடுத்தால் கவசம் எவ்வளவு தடிமன் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால், ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

போரைப் பற்றி இரண்டு வரி. 1861இலிருந்து 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தென்மாநிலங்கள் பிரிந்து போய்த் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டன. வட கரோலினாவும் அந்தத் தெற்குப் பக்கத்தில் சேர்ந்தது. கப்பற்படை, இரும்பாலை, இயந்திரத் தொழிற்சாலை ஆகியவற்றில் பெரும்பகுதி வடக்கின் கையில் இருந்தது.

மரத்தின் மேல் ஏன் இரும்பு?

அந்தக் காலம் வரை போர்க்கப்பல் என்றால் மரக்கப்பல்தான். எதிரி சுட்டது கெட்டி இரும்புக் குண்டாக இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. குண்டு ஓட்டை போடும், ஓட்டையை அடைத்துக்கொண்டு சண்டையைத் தொடரலாம். உள்ளே வெடிமருந்து வைத்த குண்டு வந்ததும் நிலைமை மாறியது. அது மரத்துக்குள் புதைந்து வெடித்துத் தீ வைத்தது. 1853இல் கருங்கடலின் சினோப் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல்கள் இப்படிப்பட்ட குண்டுகளால் துருக்கியின் மரக்கப்பல் படையை அழித்தன. இரண்டே ஆண்டில், கிரிமியப் போரின்போது, பிரான்ஸ் இரும்புத் தகடு போர்த்திய மிதக்கும் பீரங்கி மேடைகளைக் கொண்டுவந்தது. அப்புறம் 1859இல் பிரான்ஸ் ‘குளுவார்’ கப்பலையும், 1860இல் பிரிட்டன் ‘வாரியர்’ கப்பலையும் தண்ணீரில் இறக்கின. இவைதான் கடலோடும் இரும்புக் கவசக் கப்பல்களின் தொடக்கம்.

பெயரைக் கேட்டதும் முழுக்க இரும்பால் ஆன கப்பல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ‘வாரியர்’ இரும்பு உடல் கொண்டதுதான். ஆனால் அமெரிக்க ஆறுகளில் தெற்குப் படை கட்டிய கப்பல்கள் அடிப்படையில் மரக்கப்பல்கள். கனமான மரச் சுவர், அதன் மேல் ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கிய இரும்புத் தகடு. ஆல்பமார்லின் கவசம் இரண்டு அங்குலத் தகடு இரண்டு அடுக்கு, மொத்தம் நான்கு அங்குலம். இரும்பு குண்டைத் தடுக்கும், பின்னால் உள்ள மரம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மரம் இல்லாமல் தகடு மட்டும் இருந்தால் அடி விழும்போது போல்ட்டுகள் தெறித்து உள்ளே இருப்பவர்களையே காயப்படுத்தும்.

கப்பலின் உருவமும் முக்கியம். உடல் முழுவதும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தட்டையாக முடிந்துவிடும். நடுவில் மட்டும் பீரங்கிகளுக்கான கவச அறை உயர்ந்து நிற்கும். அதன் சுவர்கள் நேராக எழும்பாமல் ஓட்டு வீட்டுக் கூரைபோல் உள்பக்கம் சாய்ந்திருக்கும். நேர்ச்சுவரில் மோதும் குண்டு தன் வேகம் முழுவதையும் அங்கேயே செலுத்தும். சாய்ந்த சுவரில் படும் குண்டு வழுக்கி மேலே தெறித்துவிடும். அதுவும் போக, சாய்வாகத் துளைத்துப் போக வேண்டிய இரும்பின் தூரம், தகட்டின் தடிமனைவிட அதிகம். இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த தெற்குப் படைக்கு இந்தச் சாய்வு செலவில்லாமல் கிடைத்த கூடுதல் கவசம்.

இந்தக் கப்பல்களைக் குறிப்பிடும்போது ‘ராம்’ என்ற சொல்லும் கூடவே வரும். முட்டி மூழ்கடிக்கும் கப்பல் என்று பொருள். முன்பக்கம் கெட்டியான ஓக் மரத்தில் கூர்முனை செய்து, இரும்புத் தகடு போர்த்தி, எதிரிக் கப்பலின் வயிற்றில் நேராகப் போய் மோதுவார்கள். பழைய கிரேக்கர்களின் துடுப்புக் கப்பல் காலத்து உத்தி இது. பாய்மரக் காலத்தில் காற்றின் தயவில் ஓடிய கப்பலால் நினைத்த திசையில் மோத முடியவில்லை. நீராவி இயந்திரம் வந்ததும் அது மறுபடி சாத்தியமாயிற்று. 1862 மார்ச் 8 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் ரோட்ஸில் தெற்கின் ‘வர்ஜீனியா’ கப்பல், ‘கம்பர்லேண்ட்’ என்ற மரக்கப்பலை இப்படித்தான் மூழ்கடித்தது. மறுநாள் வடக்கின் ‘மானிட்டர்’ வந்து எதிர்த்தது. மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை. இரண்டு கவசக் கப்பல்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்ட முதல் சண்டை அது.

ஏன் இங்கே?

சாலையோரப் பலகை எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். வட கரோலினாவில் 1935இல் தொடங்கிய இந்தப் பலகைத் திட்டத்தில் இன்று 1,600க்கும் மேற்பட்ட பலகைகள் உள்ளன. வாசகத்தை வரலாற்று ஆசிரியர்கள் கொண்ட குழு பார்த்து ஒப்புதல் கொடுக்கிறது. பலகைகளை எண்ணிட்ட நெடுஞ்சாலைகளின் ஓரத்தில்தான் நடுவார்கள். அதனால் பல நேரம் சம்பவம் நடந்த இடம் பலகைக்கு நேர்கீழே இருக்காது. இத்தனை மைல், இந்தத் திசை என்று மட்டும் போட்டிருக்கும். அந்தத் திசையில் வரைபடத்தைப் பார்த்தால்தான் பாதிக் கதை பிடிபடும்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அவுட்டர் பேங்க்ஸ் என்பது கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு வரிசை. அதற்கும் நிலப்பகுதிக்கும் நடுவே பாம்லிகோ, ஆல்பமார்ல் என்ற ஆழமற்ற பெரிய நீர்ப்பரப்புகள். ரோனோக், நியூஸ் முதலிய ஆறுகள் அவற்றில் வந்து கலக்கின்றன. 1861 ஆகஸ்டில் ஹாட்டரஸ் முகத்துவாரத்தையும், 1862 பிப்ரவரியில் ரோனோக் தீவையும் வடக்குப் படை பிடித்துவிட்டது. அதோடு உள்நீர்ப் பரப்பு முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. தெற்கிடம் மிஞ்சியது ஆறுகளின் மேல்பகுதி மட்டும்.

ஆனால் வடக்குக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அவர்களுடைய மானிட்டர் வகைக் கவசக் கப்பல்கள் தண்ணீருக்குள் பத்தடிக்கு மேல் அமிழும். ஹாட்டரஸ் முகத்துவாரத்தின் மணல்மேட்டைத் தாண்டி அவற்றால் உள்ளே வர முடியாது. ஆழம் குறைந்த நீருக்காகவே இருபது மானிட்டர்களைக் கட்ட உத்தரவிட்டார்கள். மிதவைக் கணக்கு தவறிப்போய், முதலில் வந்தவை மேல்தளம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு அமிழ்ந்தன. ஆக, உள்ளே இருந்த வடக்குப் படகுகள் எல்லாமே மரப் படகுகள். ஆற்றின் மேல்பகுதியில் யார் கண்ணிலும் படாமல் ஒரே ஒரு கவசக் கப்பலைக் கட்டி இறக்கிவிட்டால் போதும், எதிர்க்க ஆளில்லை. இதுதான் அந்த இடத்தின் ரகசியம்.

அப்படித்தான் 1863இல் ரோனோக் ஆற்றங்கரையில் எட்வர்ட்ஸ் ஃபெரி என்ற இடத்தில், பீட்டர் ஸ்மித் என்பவரின் பண்ணையில், சோள வயலில் கப்பல் வேலை தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்திருந்தவர் கில்பர்ட் எலியட், 19 வயது. வடிவமைத்தவர் தெற்குக் கப்பற்படையின் தலைமைக் கட்டுநர் ஜான் போர்ட்டர். கப்பல் கட்டும் தளம் கிடையாது. மரம் சுற்றுக்காட்டில் கிடைத்தது, இரும்புதான் கிடைக்கவில்லை. கப்பலின் தலைவராக வந்த ஜேம்ஸ் குக், எங்கே இரும்பு கிடைக்கும் என்று ஊர் ஊராகத் தேடி அலைந்தார். பழைய தண்டவாளங்களை உருக்கி, ரிச்மண்டிலுள்ள ட்ரெடிகர் ஆலையில் தகடுகளாக அடித்தார்கள். அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தகடு வந்தபின் போல்ட்டுக்கு ஓட்டை போடுவது பெரும்பாடாக இருந்தது. ஒரு ஓட்டைக்கு 20 நிமிடம் பிடித்தது. பீட்டர் ஸ்மித் புதுவகை முறுக்குத் துளைப்பான் ஒன்றைச் செய்து அதை 4 நிமிடமாகக் குறைத்தார். கப்பல் வரலாற்றில் பெரிய பெயர்களைப் பற்றி எவ்வளவோ படிக்கிறோம். எனக்கு இந்தத் துளைப்பான்தான் நெஞ்சில் நிற்கிறது. நூற்றுக்கணக்கான ஓட்டைகளை நினைத்துப் பார்த்தால் அந்த 16 நிமிடத்தின் மதிப்பு புரியும்.

முடிந்தபோது கப்பல் 158 அடி நீளம், 35 அடி அகலம். பீரங்கி இரண்டே இரண்டு. முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஒவ்வொன்றையும் மூன்று சாளரங்களில் எது வேண்டுமோ அதற்குத் திருப்பிக்கொள்ளலாம். கவசத்தோடு சேர்ந்து தண்ணீரில் ஒன்பது அடி அமிழும். அதற்கு மேல் பீரங்கி சேர்த்தால் எடை கூடும், எடை கூடினால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் ஆறு விடாது. ஆற்றுக் கவசக் கப்பலில் ஒவ்வொரு முடிவும் இந்தச் சங்கிலியில் கட்டுப்பட்டது. மேற்கே மிசிசிப்பி ஆற்றில் வடக்குப் படைக்காக ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிய ஏழு கவசப் படகுகள் ஆறடிதான் அமிழ்ந்தன, ஆனால் அவற்றின் தகடு இரண்டரை அங்குலம் மட்டுமே. எதையாவது விட்டுக்கொடுக்காமல் கட்ட வழியே கிடையாது.

ஒரு அடி இடைவெளி

1864 ஏப்ரலில் பிளிமத் ஊர் வடக்குப் படையிடம் இருந்தது. தெற்குத் தளபதி ராபர்ட் ஹோக் தரைவழியாக முற்றுகையிட்டார். ஆற்றில் நின்ற வடக்குப் படகுகளை விரட்ட ஆல்பமார்ல் வர வேண்டும். ஏப்ரல் 17 அன்று கப்பல் படையில் சேர்க்கப்பட்டது, ஆனால் வேலை முடிந்திருக்கவில்லை. ஆற்றில் இறங்கி வந்துகொண்டிருக்கும்போதே மேல்தளத்தில் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு மேலே ஆற்றின் குறுக்கே வடக்குப் படை தடைகளைப் போட்டு வைத்திருந்தது. கப்பலைத் தாண்டவிடாது என்றே முதலில் நினைத்தார்கள். எலியட் சும்மா இருக்கவில்லை. இரவில் ஒரு சிறு படகில் சிலரோடு போய், தடைகளுக்கு மேல் ஆழம் பார்த்தார். ஆற்றில் வெள்ளம் வந்திருந்தது. தடைக்கு மேல் பத்து அடி தண்ணீர்.

கப்பலுக்கு வேண்டியது ஒன்பது. மிச்சம் ஒரே அடி.

எலியட் திரும்பி வந்து சொன்னதும் குக் கிளம்பிவிட்டார். கரையிலிருந்த கோட்டைப் பீரங்கிகள் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் 19 விடிவதற்கு முன் ஊருக்கு எதிரே வடக்கின் ‘மயாமி’, ‘சவுத்ஃபீல்ட்’ இரண்டும் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் காத்திருந்தன. நடுவில் சிக்கவைத்து அடிக்கலாம் என்பது அவர்கள் திட்டம். குக் கரையை ஒட்டிப் போய், சட்டென்று திரும்பி ‘சவுத்ஃபீல்டி’ன் பக்கவாட்டில் முட்டினார். கூர்முனை ஆழமாகப் பாய்ந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. மூழ்கிய ‘சவுத்ஃபீல்ட்’ ஆல்பமார்லின் மூக்கையும் கீழே இழுத்தது, சாளரம் வழியாக உள்ளே தண்ணீர் வந்தது. ‘சவுத்ஃபீல்ட்’ ஆற்றின் அடியைத் தொட்டுச் சாய்ந்தபோதுதான் கொம்பு விடுபட்டது. ஆறு இன்னும் ஆழமாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

‘மயாமி’யின் தலைவர் சார்ல்ஸ் ஃப்ளஸர் தன் கையாலேயே பீரங்கியைச் சுட்டார். வெடிகுண்டு எதிரே இருந்த சாய்ந்த கவசத்தில் பட்டுத் திரும்பி வந்து அவர் அருகிலேயே வெடித்தது. அவர் அங்கேயே இறந்தார். சாய்வுக் கவசம் என்ன செய்யும் என்று மேலே எழுதியதற்கு இதைவிடக் கொடுமையான விளக்கம் வேண்டியதில்லை.

மறுநாள் பிளிமத் சரணடைந்தது. ஊர் விழுந்த பிறகு கறுப்பினப் படைவீரர்களும் அடைக்கலம் தேடி வந்திருந்த கறுப்பின மக்களும் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. கொலைகள் நடந்தன என்பதற்குச் சாட்சியங்கள் உள்ளன. பிடிபட்ட வெள்ளையினப் படைவீரர்கள் பலர் ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்குப் போனார்கள். கப்பலின் வீரத்தைப் பற்றிப் படிக்கும்போது அந்த வெற்றியின் விலையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சாலையோரப் பலகையின் சில வரிகளில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் வரலாறுதான்.

மே 5 அன்று ஆல்பமார்ல் வெளி நீர்ப்பரப்புக்கு வந்தபோது ஏழு வடக்குப் படகுகள் சூழ்ந்துகொண்டன. ‘சசாகஸ்’ என்ற மரப்படகு முழு வேகத்தில் வந்து மோதியும் கவசம் உடையவில்லை. ஆல்பமார்ல் திருப்பிச் சுட்டது ‘சசாகஸி’ன் கொதிகலனில் பாய்ந்து பலரை வேகவைத்தது. ஆனால் ஆல்பமார்லின் புகைபோக்கி சல்லடையாகிவிட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: புகைபோக்கிக்குக் கவசம் கிடையாது. அதில் ஓட்டை விழுந்தால் அடுப்புக்குக் காற்றிழுப்பு போய்விடும், நீராவி ஏறாது, கப்பல் நகராது. கடைசியில் பன்றி இறைச்சியையும் கொழுப்பையும் அடுப்பில் போட்டு எரித்து ஊர் திரும்பினார்கள்.

கவசம் இல்லாத இன்னொரு இடம் கப்பலின் அடிவயிறு. குண்டு தண்ணீருக்கு மேலேதான் வரும் என்பதால் கீழே வெறும் மரம்தான். மேற்கே யாசூ ஆற்றில் 1862 டிசம்பரில் வடக்கின் ‘கைரோ’ கவசப் படகு நீரடிக் கண்ணிவெடியால் சுமார் 12 நிமிடத்தில் மூழ்கியது இப்படித்தான். ஆல்பமார்லின் முடிவும் அதே வழியில் வந்தது. 1864 அக்டோபர் 27 இரவு, வடக்குக் கப்பற்படையைச் சேர்ந்த 21 வயதான வில்லியம் குஷிங் சிறிய நீராவிப் படகில் ஆற்றில் ஏறி வந்தார். படகின் முன்னால் நீண்ட கம்பு, அதன் நுனியில் வெடிமருந்துப் பெட்டி. இப்படிப்பட்ட தாக்குதலுக்குப் பயந்து கப்பலைச் சுற்றி மரக்கட்டைகளை மிதக்கவிட்டு வேலி போட்டிருந்தார்கள். கட்டைகள் தண்ணீரில் ஊறி வழுவழுப்பாகியிருந்தன. குஷிங் வேகமாக வந்து அவற்றின் மேல் படகை ஏற்றி, கம்பைத் தாழ்த்தி, அடிவயிற்றில் வெடிக்கவைத்தார். ஆல்பமார்ல் கட்டியிருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. குஷிங் நீந்தி, சதுப்பு நிலத்தில் ஒளிந்து தப்பினார். அவரோடு வந்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள். சில நாளில் பிளிமத் மறுபடி வடக்கின் கைக்கு வந்தது.

இதே வடிவில், தெற்கே நியூஸ் ஆற்றில் ‘நியூஸ்’ என்ற கப்பலையும் கட்டினார்கள். 1864 ஏப்ரல் 22 அன்று, ஆல்பமார்ல் வென்ற மூன்றாம் நாள், அது நியூ பெர்ன் நகரைத் தாக்கக் கிளம்பியது. கின்ஸ்டன் ஊரைத் தாண்டி அரை மைல்கூடப் போயிருக்காது, மணல்மேட்டில் தட்டி நின்றது. ஆறு மறுபடி பெருக ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் கூட வர வேண்டிய தரைப்படை வர்ஜீனியாவுக்குப் போய்விட்டது. ‘நியூஸ்’ கடைசிவரை கின்ஸ்டனை விட்டு நகரவில்லை. 1865 மார்ச்சில் எதிரி நெருங்கியபோது மாலுமிகளே தீ வைத்து மூழ்கடித்தார்கள். ஒரே வடிவம், ஒரே பீரங்கி, ஒரே மாதம். ஒன்றுக்குத் தண்ணீர் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஆல்பமார்லை வடக்குப் படை ஆற்றிலிருந்து தூக்கியது, போருக்குப் பின் அது விற்கப்பட்டுவிட்டது. அதன் புகைபோக்கி எலிசபெத் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளிமத் அருங்காட்சியகத்தை ஒட்டி ரோனோக் ஆற்றில் சிறிய அளவு மாதிரிக் கப்பல் ஒன்று உண்டு, அது உண்மையாகவே ஓடும். ‘கைரோ’வை 1964இல் தூக்கி, மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க் போர்க்களப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டு ஆற்றடியில் கிடந்த ‘நியூஸ்’ 1963இல் கரையேறி, இப்போது கின்ஸ்டன் நகர நடுவில் தனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீயிலும் தண்ணீரிலும் மிஞ்சியது மரத்தாலான அடிப்பகுதி. ராலேயிலிருந்து போவதென்றால் முதலில் கின்ஸ்டன் போய், அந்த அடிப்பகுதி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பிளிமத் போகலாம்.